292 பிறந்த கதை

ஆபாசத் தடைச் சட்டம் லண்டனில் பிறந்து கப்பலேறி வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு முந்திக்கொண்டது. கேம்ப்பெல் பிரபுவின் ஆபாச வெளியீடுகள் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1857இல். ஆபாச நூல்களையும் படங்களையும் பொது இடங்களில் விற்கக் கூடாது என்று கல்கத்தாவில் சட்டம் போட்டது அதற்கு முந்தைய ஆண்டே.

சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. கோபுரத்துச் சுதைகளையும் தேர்ச் சிற்பங்களையும் என்ன செய்வது? கோயிலில் கைவைத்தால் ஊர் கொந்தளிக்கும். ஆகவே கோயிலுக்கும் சுவாமி புறப்படும் தேருக்கும் விலக்கு தந்தார்கள். இந்த விலக்கோடுதான் இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு 1862இல் நடைமுறைக்கு வந்தது. கலை ரசனைக்கு இதில் பங்கில்லை. எல்லாம் ஆட்சித் தந்திரம்.

எது ஆபாசம் என்று பிரிவு சொல்லவில்லை. அந்த அளவுகோல்தான் லண்டனிலிருந்து வந்தது. 1868இல் ஹிக்லின் வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன், கெட்டுப்போகக்கூடிய மனங்களைக் கெடுக்கும் இயல்பு நூலுக்கு உண்டா என்று பார்த்தால் போதும் என்றார். எழுதியவரின் நோக்கம் கணக்கில் வராது. நாட்டிலேயே பலவீனமான வாசகர் யாரோ, அவர்தான் எல்லோருக்கும் அளவு!

சென்னையில் இந்தச் சட்டத்தின் கெடுபிடிக்கு ஆளானது தஞ்சையில் பிறந்த ஒரு தெலுங்குக் காவியம். 18ஆம் நூற்றாண்டில், மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி எழுதிய 'ராதிகா சாந்த்வனம்'. முந்தைய பதிப்பில் வெட்டப்பட்டிருந்த பாடல்களையும் சேர்த்து, பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். பெண் இப்படி எழுதலாமா என்று சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் முன்பே முகம் சுளித்திருந்தார். நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். அடுத்த ஆண்டே போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ராதையும் கண்ணனும் கல்லில் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள். காகிதத்தில், அதுவும் பெண் கையெழுத்தில் இருந்ததால் மாட்டிக்கொண்டார்கள்.

சென்னை மாகாணப் பிரதமர் பிரகாசம் தலையிட்டபின் 1947இல்தான் அந்தக் காவியத்தின் மீதிருந்த தடை நீங்கியது. ஹிக்லின் அளவுகோலுக்கு ஆயுள் இன்னும் கெட்டி. 1964இல் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலை விற்ற பம்பாய் புத்தகக் கடைக்காரரைத் தண்டிக்க உச்ச நீதிமன்றம் அதையே எடுத்துக்கொண்டது, 2014இல்தான் கைவிட்டது. பிரிவு மட்டும் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 294 என்ற புது எண்ணோடு தொடர்கிறது.