மட்டக்களப்புப் பிரதேச எழுத்தாளர் அமைப்புகளும் புலம்பெயர் இலக்கியமும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களிலும், தெற்கே கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலும் தோன்றிய எழுத்தாளர் சங்கங்களும் சிற்றிதழ்களும், அங்கிருந்து வெளிநாடு சென்றோரின் இலக்கிய முயற்சிகளும் இத்தலைப்பில் அடங்கும். 1961இல் இத்தென்பகுதி பிரிந்து அம்பாறை என்ற தனி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆயினும் இலக்கிய வரலாற்றில் இவ்விரு பகுதிகளும் ஒரே பிரதேசம்.

ஊரை விட்டுப் போய் எழுதும் வழக்கம் இங்கே பழையது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவருடைய யாழ் நூல் 1947இல் தஞ்சை மண்ணின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவர் விரும்பியபோது ஊர் திரும்ப முடிந்தது. 1983இல் இனவன்முறையும் போரும் மூண்டபின் போனவர்களில் பலருக்கு அது வாய்க்கவில்லை.

அமைப்பாக இயங்கியதில் கல்முனையே முந்தியது. பெரியநீலாவணையில் பிறந்த ஆசிரியர் நீலாவணன் (1931–1975) கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1967இல் பாடும்மீன் இதழைத் தொடங்கினார். உழவர் வாழ்வைப் பாடும் அவருடைய வேளாண்மைக் காவியம், அவர் மறைந்த பின் 1982இல்தான் நூலாயிற்று. கல்முனைக் கவிஞர் எம். ஏ. நுஃமான் 1969–70இல் கவிஞன் இதழை நடத்தினார். அவருடைய தாத்தாமாரும் பேரர்களும் நூலைக் கல்முனை வாசகர் சங்கம் வெளியிட்டது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே திண்ணையில் கவிதை பேசிய அந்தக் காலத்துக்கு ஈடாக இப்பிரதேசத்தில் பின்னர் எதுவும் அமையவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். பொன்னுத்துரை (1932–2014) மட்டக்களப்பில் ஆசிரியராக வாழ்ந்து, அம்மண்ணின் எழுத்தாளராகவே ஆனவர். இடதுசாரிச் சார்புள்ள முற்போக்கு எழுத்தாளர் சங்கத்திலிருந்து விலகி, அதற்கு மாற்றாக நற்போக்கு அணியை அமைத்தார். நைஜீரியாவில் கற்பித்த பின் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். 1994இல் அவருடைய மித்ர பதிப்பகம் வெளியிட்ட பனியும் பனையும் தொகுதி, பல நாடுகளில் சிதறிய ஈழத்துக் கதைஞர்களை ஒரே நூலில் சேர்த்தது.

ஐரோப்பாவில் சங்கம் என்ற வடிவம் வேர்விடவில்லை. தலைவரோ யாப்போ இல்லாத இலக்கியச் சந்திப்பு 1988இல் ஜேர்மனியின் ஹேர்ண் நகரில் தொடங்கி, நாடு நாடாக மாறி நடந்தது. தமிழ் ஆயுத இயக்கங்களின் மிரட்டலுக்கு நடுவே மாற்றுக் கருத்துக்கு இடம் தந்தது அதுவே. பாரிஸில் 1998இல் தொடங்கிய எக்ஸில் இதழின் ஆசிரியர் குழுவில் மட்டக்களப்பைச் சேர்ந்த எம். ஆர். ஸ்டாலின் இருந்தார். அக்கரைப்பற்றில் மூன்றாவது மனிதன் இதழைத் தொடங்கிய எம். பௌசர் பின்னர் இலண்டன் சென்று எதுவரை இதழை நடத்தினார்.

இலண்டனில் வாழும் விமல் குழந்தைவேலின் வெள்ளாவி (2004), கசகறணம் (2011) ஆகிய நாவல்கள் இப்பிரதேசப் பேச்சிலேயே எழுதப்பட்டவை. அக்கரைப்பற்றுச் சந்தையில் அருகருகே கடை விரித்த தமிழ், முஸ்லிம் பெண்களின் உறவு 1980களில் முறிந்ததைக் கசகறணம் சொல்கிறது. ஒரு சொல்லைக்கூட வெளியூர் வாசகருக்காக மாற்றாத துணிவு அதில் இருக்கிறது.

41ஆவது இலக்கியச் சந்திப்பு 2013இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. புலம்பெயர்ந்தோரில் ஒரு சாரார் எதிர்த்தும் அது சரியான முடிவாகவே அமைந்தது. போரின் இறுதிக் காலத்திலும் அதன் பின்னரும் மட்டக்களப்பிலிருந்து செங்கதிர், மகுடம் முதலிய இதழ்கள் வெளிவந்தன.