தெரியாது என்னும் சொல் தரும் அறிவு

பிறர் அறிந்ததைக் கொண்டு மட்டுமன்றி, பிறர் அறியாததைக் கொண்டும் உண்மையைக் காணலாம். இந்நுட்பத்தை விளக்கும் புதிர்களுக்குச் சுவையான வரலாறு உண்டு.

1913-இல் சென்னையிலிருந்து இராமானுஜன் எழுதிய கடிதத்தை ஹார்டியோடு அமர்ந்து ஆராய்ந்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் லிட்டில்வுட். 1953-இல் வெளியான தம் நூலில் அவர் ஒரு புதிரைக் கூறினார். ரயில் வண்டியில் மூன்று மாதர்; மூவர் முகத்திலும் அழுக்கு; ஒருவரையொருவர் பார்த்து நகைக்கின்றனர். ஒருத்தி சிந்திக்கிறாள்: 'என் முகம் தூயதாயின், மூன்றாமவள் தன்னைக் கண்டே நகைக்கிறாள் என்று இரண்டாமவள் உணர்ந்திருப்பாளே! அவளோ உணரவில்லை. ஆகவே என் முகத்திலும் அழுக்கு உண்டு.' கண்ணாடி இன்றியே அவள் தன் முகத்தைக் கண்டுகொண்டாள்!

1969-இல் நெதர்லாந்தின் கணித அறிஞர் பிராய்டென்தால், இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை ஒருவரும் பெருக்குத்தொகையை மற்றவரும் அறிந்திருக்கும் புதிரை வெளியிட்டார். 1976-இல் ராபர்ட் ஆமன் இவ்வகை அறிவுக்குக் கணித வடிவம் தந்தார். ஒன்றை யாவரும் அறிவது வேறு. யாவரும் அறிவர் என்பதையும் யாவரும் அறிவது வேறு என்பது அதன் சாரம்.

இவ்வகைப் புதிர் ஒன்று சிங்கப்பூரிலிருந்து உலகெங்கும் பரவியது. 2015 ஏப்ரலில் நடைபெற்ற சிங்கப்பூர், ஆசியப் பள்ளிகள் கணித ஒலிம்பியாட் போட்டியில் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் கேட்கப்பட்ட வினா இது. செரில் தன் பிறந்தநாள் பத்துத் தேதிகளுள் ஒன்று என்கிறாள். அவை: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்டு 14, 15, 17. ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும், பெர்னார்டிடம் நாளை மட்டும் தனித்தனியே சொல்லுகிறாள்.

ஆல்பர்ட், "எனக்குத் தெரியாது; பெர்னார்டுக்கும் தெரியாது என்பது தெரியும்" என்கிறான். 18, 19 ஆகிய நாள்கள் பட்டியலில் ஒருமுறையே வருவன. அவற்றுள் ஒன்றாயின் பெர்னார்ட் உடனே அறிந்திருப்பான். ஆகவே அவை உள்ள மேயும் ஜூனும் நீங்கின. "முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரியும்" என்கிறான் பெர்னார்ட். எஞ்சிய இரண்டு மாதங்களிலும் உள்ள 14 நீங்கிற்று. "அப்படியானால் எனக்கும் தெரியும்" என்கிறான் ஆல்பர்ட். ஆகஸ்டில் இரண்டு நாள்கள் எஞ்சுகின்றன, ஜூலையில் ஒன்றே. விடை ஜூலை 16.

இவ்வுரையாடலில் மாதத்தையோ நாளையோ எவரும் வெளியிடவில்லை. ஆல்பர்ட் தன் அறியாமையை மறைத்து வாளாவிருந்தால், 16 என்னும் எண்ணை வைத்துக்கொண்டு மேயா, ஜூலையா என்று பெர்னார்ட் திகைத்தே இருப்பான். வகுப்பில் 'தெரியாது' என்று சொல்ல அஞ்சும் மாணவரும், அதைக் கேட்டதும் சினங்கொள்ளும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். ஒருவர் துணிந்து சொல்லும் 'தெரியாது' மற்றவருக்கு வழிகாட்டும் விளக்காதல் கூடும்.