கூரை சொல்லும் வரலாறு: தென் திருவிதாங்கூர் எல்லை ஊர்களின் வீடுகள்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்துக் கொல்லயில் ஊராட்சியிலும் பாறசாலையை ஒட்டிய எல்லை ஊர்களிலும் வீடுகளைப் பெயரிடும் முறை கவனிக்கத்தக்கது. ஓலைப்புரை, ஓட்டுப்புரை, வார்ப்பு வீடு. வீட்டுக்கு அடைமொழியாக அமைந்தது சுவரோ அறையோ அன்று, கூரையே. ‘புரை’ என்ற சொல்லுக்கு வீடு என்னும் பொருள் தமிழிலும் உண்டு. மலையாளத்தில் அது ‘புர’. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆயினும் அடுக்களை, முற்றம், புரை முதலிய சொற்கள் எல்லையின் இருபுறமும் பொதுவாகவே இருக்கின்றன.

கூரைக்கு இத்துணை முதன்மை வந்ததற்குக் காரணம் மழை மட்டுமன்று. திருவிதாங்கூரில் கூரை என்பது சாதியின் அடையாளம். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் அமைந்த நாலுகெட்டும், ஆஞ்சிலி, பலா மரங்களில் இழைத்த அறைகளும் நிலமுடைய சிலருக்கே வாய்த்தன. அக்கட்டடக் கலையின் உச்சத்தை இன்றும் பத்மநாபபுரம் அரண்மனையில் காணலாம். உழைக்கும் மக்களுக்கு அமைந்தவை மண்சுவரும், பனையோலையோ முடைந்த தென்னோலையோ வேய்ந்த கூரையுமே. வறுமை ஒரு காரணம். வழக்காறு விதித்த தடை மற்றொன்று. நாடார்கள் ஒரு நிலைக்கு மேல் உயர்ந்த வீடு கட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டை, லண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மெற்றீர் 1871இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். குடை பிடிப்பதற்கும் செருப்பணிவதற்கும் இருந்த தடைகளோடு சேர்த்தே அவர் இதைச் சொல்கிறார். மாடி, குடை, செருப்பு ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் நிற்பது தற்செயலன்று.

1855இல் அடிமை முறை ஒழிந்தது. 1859இல் தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை கிடைத்தது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. உடலுக்கு ஆடையும் வீட்டுக்கு ஓடும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எட்டும் தூரத்துக்கு வந்தன. எனினும் ஓலை விரைவில் மறையவில்லை. காலடி மண்ணே பிறருக்குரியதாக இருக்கையில், எந்தக் குடும்பமும் நிலையான வீட்டில் பணம் போடத் துணியாது.

ஆகவே கேரளத்தில் வீட்டமைப்பின் பெரிய திருப்பம் கட்டடக் கலைஞரால் வந்ததன்று, சட்டத்தால் வந்தது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தம், ஊராட்சிப் பகுதிகளில் குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் வரை நிலம் பெறும் உரிமையைத் தந்தது. 1972இல் அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயரின் முன்முயற்சியில் லட்சம் வீடு திட்டம் எழுந்தது. அதில் பல, ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்ட இரட்டை வீடுகள். பின்னர் வளைகுடா நாடுகளின் வருமானம் வார்ப்புக் கூரையைப் பரவலாக்கியது. அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் எலிப்பொறி முறைச் சுவராலும், ஓடுகளைப் பொதிந்து வார்த்த தளத்தாலும் செலவைக் குறைத்துக் காட்டினார். ஆயினும் ‘சிக்கனம்’ என்ற சொல் பலருக்குப் பழைய ஓலைப்புரையையே நினைவூட்டியது. நேற்று வரை கூரையால் தாழ்த்தப்பட்டவர், செலவு குறைந்த வீட்டைத் தயங்காமல் ஏற்பார் என எதிர்பார்ப்பது எளிதன்று.

இன்று சக்கரம் வேறு விதமாகச் சுழல்கிறது. கான்கிரீட்டைச் சாய்வாக வார்த்து, அதன்மேல் ஓடு பதிக்கிறார்கள். மழையைத் தடுக்க அந்த ஓடு வேண்டியதில்லை. ‘பாரம்பரிய’ அழகுக்காகவே அது ஏறுகிறது. இழைத்த மரத்தூண்களும் நடுமுற்றமும் புதுப்பிப்பு வரைபடங்களில் திரும்பி வருகின்றன.

இதைக் குறை கூற வேண்டியதில்லை. ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட வடிவத்தைத் தம் உழைப்பால் உரிமையாக்கிக்கொள்வதும் ஒரு வெற்றியே. ஆனால் ‘நம் பாரம்பரிய வீடு’ என்னும்போது அது யாருடைய வீடாக இருந்தது என்ற கேள்வி மறையலாகாது. நாலுகெட்டுகள் அருங்காட்சியகங்களாகின்றன, ஓலைப்புரையோ சுவடின்றி மறைந்துவிட்டது. பெரும்பான்மையோர் பிறந்து, வாழ்ந்து, மடிந்த பாரம்பரிய வீடு அதுதான்.