கிராஃபில் தேதி எங்கே உட்காருகிறது?

இன்றைக்கு நாம பேசப்போறது, கிராஃபின் அடியில் படுத்துக்கிடக்கிற நேர அச்சைப் பற்றி. தங்கம் விலையோ வெயிலோ, எதை வரைந்தாலும் நம்ம கண்ணு ஏறி இறங்குற கோட்டுக்குத்தான் போகும். கீழே இருக்கிற தேதிகளை யாரும் கவனிப்பதில்லை. ஆனா ஒரு படம் நம்மை ஏமாற்றணும்னா, அந்தத் தேதிகளே போதும்.

முதலில் 1786-க்குப் போவோம். வில்லியம் பிளேஃபேர், ஸ்காட்லாந்துக்காரர். நீராவி இயந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தவர். அந்த வருடம் லண்டனில், இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளை ஒரு அட்லஸாக வெளியிட்டார். அதில் மொத்தம் 44 படங்கள். 43 படங்களில் காலம் இடமிருந்து வலமாக ஓடும். ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு. நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்தாலே வணிகம் எந்தப் பக்கம் சாய்கிறதுன்னு தெரிஞ்சிடும்.

மிச்சம் ஒரு படம்? அது ஸ்காட்லாந்தின் வணிகம். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு வருடக் கணக்கு. ஒரு வருடத்தை வைத்துக் காலக்கோடு இழுக்க முடியாதே! அதனால் நாடு வாரியாகப் பட்டைகள் வரைந்தார். இன்றைய 'பார் சார்ட்'டுக்கு அதுதான் முன்னோடி. கையில் இல்லாத வருடங்களை அவர் இருப்பதுபோல் காட்டவில்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அதே நேர்மையைக் கம்ப்யூட்டரிடம் வாங்க முடியுமா? இங்கேதான் ஜான் ஹண்டர் வருகிறார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்சிக்னல்களைத் திரையில் பார்ப்பது அவர் வேலை. ஆய்வகத்தில் இருந்த கட்டண மென்பொருளுக்கு ஒரே லைசன்ஸ். அதற்கான டாங்கிளை ஆளாளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தணும். அதனால் பைதானில் தானே ஒரு லைப்ரரி எழுதி, 2003-ல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் மேட்பிளாட்லிப்.

கம்ப்யூட்டருக்குத் தேதி புரியாது, எண்தான் புரியும். அதனால் எங்கிருந்தாவது எண்ண ஆரம்பிக்கணும். மேட்பிளாட்லிப், கி.பி. 1-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஐ நாள் 1 என்று வைத்துக்கொண்டது. அப்படிப் பார்த்தால் 2003-ன் ஒவ்வொரு நாளும் 7 லட்சத்து 31 ஆயிரத்துச் சொச்சம். புள்ளிக்கு முன்னாடி எண் இவ்வளவு நீளமானால், பின்னாடி நுணுக்கத்துக்கு இடம் குறையும். சுமார் 20 மைக்ரோ விநாடிக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. மழைக் கணக்குக்கு இது போதும், அதிவேக சிக்னலுக்குப் போதாது. 2020-ல் வந்த 3.3 பதிப்பில்தான் தொடக்கத்தை 1970 ஜனவரி 1-க்கு மாற்றினார்கள்.

இன்னொரு சிக்கல் நம்ம எல்லோருக்குமானது. தேதியை வெறும் எழுத்தாகக் கொடுத்தால், மேட்பிளாட்லிப் அதை ஒரு பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரி, அடுத்து நேராக செப்டம்பர்னு கொடுத்துப் பாருங்க. மூன்றையும் சம தூரத்தில் வைக்கும். நடுவில் ஆறு மாதம் அளவே எடுக்கவில்லை என்பது படத்தில் தெரியாது. தேதியைத் தேதியாக மாற்றிக் கொடுத்தால், அந்த ஆறு மாத அகலம் அச்சில் அப்படியே நிற்கும்.

2008-ல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது, தரவுகளை வரைந்து பார்க்க மேட்பிளாட்லிப் உதவியது. ஹண்டர் 2012 ஆகஸ்டில், 44 வயதில் புற்றுநோயால் காலமானார். அவர் லைப்ரரியை இன்றைக்கும் தன்னார்வலர்கள் வளர்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

அடுத்த முறை யாராவது ஒரு கிராஃபை நீட்டினால், கோட்டைப் பார்க்கும் முன் கீழே இருக்கிற தேதிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்க.