விரலா, பிக்கா? பேஸ் கிட்டாரின் பழைய சண்டை

பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்குள் ஒரு பழைய சண்டை உண்டு. "பிக் வைத்து வாசிப்பவன் பேசிஸ்டே இல்லை, கிட்டாருக்கு இடம் கிடைக்காமல் இந்தப் பக்கம் வந்தவன்" என்பது ஒரு கட்சி. "விரலால் வாசித்தால் ஒலி அமுங்கிப் போகும்" என்பது எதிர்க்கட்சி. நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். ஆனால் அந்தத் துண்டு பேஸ் கிட்டாரின் கைக்கு எப்படி வந்தது என்று பார்த்தால், இரண்டு கட்சிகளுமே பாதி உண்மையைத்தான் சொல்கின்றன என்பது புரியும்.

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் தன் பிரிசிஷன் பேஸை 1951-ல் வெளியிட்டார். அதுவரை ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்த கலைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. அந்த கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே சிறிய கட்டை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ள, கட்டைவிரலால் தந்தியை மீட்ட வேண்டும் என்பதே ஏற்பாடு. அதாவது, இந்த வாத்தியத்தைச் செய்தவர் மனதில் பிக் இல்லவே இல்லை!

பிறகு பிக் ஏன் வந்தது? பேஸ் கேட்கவில்லை, அதனால்தான்.

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி வினாடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. அந்தக் காலத்துக் கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை ஒழுங்காகக் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு தந்தி அதிரும்போது 41-உடன் 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. இந்த மேல் ஒலிகள் மட்டும் காதில் விழுந்தாலும் போதும், மூளை அடி ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். எனவே மேல் ஒலிகளை எப்படிக் கூட்டுவது என்பதே கேள்வி. நாஷ்வில் ஸ்டூடியோக்கள் இதற்கு ஒரு வழி கண்டன. டபுள் பேஸ் வாசிப்பதையே ஆறு தந்தி டேன்எலக்ட்ரோ பேஸில் இன்னொருவர் பிக்கால் சேர்ந்து வாசிப்பார். 'டிக்-டாக்' என்று கேட்டதால் அதற்கு டிக்-டாக் பேஸ் என்றே பெயர் வந்தது.

1963-ல் ஹாலிவுட்டின் கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் ஸ்டூடியோவில் ஒரு பதிவுக்கு பேஸ் கலைஞர் வரவில்லை. அங்கே கிட்டார் வாசிக்க வந்திருந்த கேரல் கேயிடம் பேஸைக் கொடுத்தார்கள். அவர் கிட்டார்க்காரர், கையில் இருந்தது பிக். அப்படியே வாசித்தார். கெட்டியான பிக், பிரிட்ஜ் பக்கத்தில் தந்திகளின் மேல் ஒரு ஃபெல்ட் துணித் துண்டு - இதுதான் அவருடைய முறை. பிக் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தையும் கூர்மையாக்கியது. துணி அதன் வாலை வெட்டியது. பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) வரை அந்த ஒலி போய்ச் சேர்ந்தது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் முதலில் கிட்டார் வாசித்தவர்தான். 1961-ல் பேஸுக்கு மாறினார், பிக்கை விடவில்லை.

அதே வருடங்களில் டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் இதற்கு நேர் எதிராக வாசித்தார். அவர் டபுள் பேஸிலிருந்து வந்தவர். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றே அவருடைய ஆயுதம். அதற்கு 'கொக்கி' என்று பட்டப்பெயரே இருந்தது. பழுத்த தந்திகள், அவற்றை அமுக்க ஸ்பாஞ்ச், சதைப்பற்றுள்ள ஒரு விரல்... கனிந்த, உருண்டையான ஒலி.

இரண்டு கைகளும் தாங்கள் வந்த வாத்தியத்தின் பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தன. 'கிட்டாரிலிருந்து வந்தவர்' என்ற கிண்டல் கேரல் கே விஷயத்தில் அப்பட்டமான உண்மை. ஆனால் அதனால் என்ன குறைந்துவிட்டது?

வித்தியாசத்தின் காரணம் எளியது. விரல் நுனி அகலமானது, மென்மையானது. தந்தியை விடும்போதே நுண்ணிய அதிர்வுகளை அமுக்கிவிடுகிறது. பிக்கின் முனை குறுகியது, கடினமானது. தந்தியில் கூர்மையான மடிப்பை உண்டாக்கிச் சட்டென்று விடுவதால் மேல் ஒலிகள் நிறையப் பிறக்கின்றன. பிரிட்ஜை நெருங்கி வாசித்தால் அவை இன்னும் கூடும்.

பிக் எதனால் செய்யப்பட்டது என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் உயர்ந்த பிக் என்றால் அழுங்காமையின் ஓட்டில் செய்ததுதான். 1922-ல் நியூயார்க்கில் லூயிஜி டி'ஆண்ட்ரியா செல்லுலாய்ட் தகட்டிலிருந்து பிக் வெட்டத் தொடங்கினார். ஆமை இனம் அழிவை நெருங்கியதால் 1970-களில் சர்வதேச ஒப்பந்தம் அந்த ஓட்டு வணிகத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஓட்டின் தன்மையைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர முயன்ற டன்லப் நிறுவனம் 1981-ல் டார்ட்டெக்ஸ் பிக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிவப்பு 0.50 மி.மீ., மஞ்சள் 0.73, பச்சை 0.88, ஊதா 1.14 என்று நிறத்தைப் பார்த்தே தடிமனைச் சொல்லிவிடலாம்.

இனி, பேஸுக்கு எந்த பிக்? தடித்த தந்தியிடம் மெல்லிய பிக் வளைந்துகொடுத்துவிடும். 'டக் டக்' என்ற தட்டல்தான் அதிகம் கேட்கும், ஸ்வரத்தில் பலம் இருக்காது. 1 மி.மீ.க்கு மேல் போனால் ஒலி திடமாகும். கூர்முனை பளிச்சென்று ஒலிக்கும். வட்டமான முனை விரலை நெருங்கும். நைலான் கொஞ்சம் மென்மை. ஃபெல்ட் பிக் கிட்டத்தட்ட கட்டைவிரல் போலவே ஒலிக்கும். பெரிய முக்கோண பிக் கையிலிருந்து நழுவாது.

பிடிக்கும் விதமும் முக்கியம். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயர் பிக்கோடு கட்டைவிரலின் ஓரமும் தந்தியில் படும்படி வாசித்தார். 'ஃபிராஜைல்' (1971) ஆல்பத்தில் கர்ஜிப்பது அந்தக் கூட்டு ஒலிதான். ரமோன்ஸின் டீ டீ ரமோன் 1976-ல் மேலிருந்து கீழே மட்டுமே அடித்து வாசித்தார். ஒவ்வொரு அடியும் ஒரே அழுத்தத்தில் விழுந்தது. பங்க் இசைக்கு வேண்டியதும் அதுதான்.

சண்டைக்குத் தீர்ப்பு வேண்டுமென்றால் ஓ'ஜேஸ் குழுவின் 'ஃபார் தி லவ் ஆஃப் மனி' (1973) பாட்டைக் கேட்கலாம். அதில் பேஸ் வாசித்தவர் ஆண்டனி ஜாக்சன். ஜேமர்சனை ஆதர்சமாகக் கொண்டவர், விரல் வாசிப்பில் பெரிய வித்வான். அந்தப் பாட்டுக்கு பிக்கை எடுத்தார், ஃபேஸர் கருவியோடு இணைத்தார். பாட்டின் அடையாளமே அந்த பேஸ்தான் ஆகிப்போனது. எந்தக் கட்சியில் சேருவது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பாட்டு கேட்டது, கை கொடுத்தது.