கிருமி எங்களுடையது, தடுப்பூசி யாருடையது?

2006 பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். "அங்க கோழி கீழி வாங்கிடாதப்பா, டிவியில என்னமோ சொல்றான்." அவள் சொன்னது நவாபூரைப் பற்றி. நான் இருக்கும் புணே உள்ள அதே மகாராஷ்டிராவில், குஜராத் எல்லையை ஒட்டிய சின்ன ஊர். அங்கே பண்ணைக் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. போபால் ஆய்வகம் சோதித்து, பறவைக் காய்ச்சல்தான், எச்5என்1 வைரஸ்தான் என்று உறுதி செய்தது. இந்தியாவுக்கு அது வந்தது அதுதான் முதல் தடவை.

லட்சக்கணக்கான கோழிகளைக் கொன்று புதைத்தார்கள். எங்கள் ஆபீஸ் கேண்டீனில் சிக்கன் நின்றது. நோய் எட்டிக்கூடப் பார்க்காத நாமக்கல்லில் முட்டை விலை விழுந்தது. நல்லவேளையாக, மனிதர் யாருக்கும் அப்போது தொற்றவில்லை. நமக்கு அது கோழி நோயாகவே போயிற்று. ஒரு மாதத்தில் நானும் மறந்துவிட்டேன், கேண்டீனில் பிரியாணியும் திரும்பி வந்தது.

ஆனால் அதே சமயத்தில் இந்தோனேசியாவில் அது மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. அங்கே கிளம்பிய ஒரு சண்டையை அப்போது நான் பேப்பரில் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன். பின்னால் கோவிட் வந்தபோதுதான் அதை உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். எண்ணெய்க்கும் எல்லைக்கும் நாடுகள் சண்டை போடுவது நமக்குப் பழகிப்போன விஷயம். ஒரு கிருமிக்காகச் சண்டை போட்ட கதை இது.

கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கலாம். எச்5என்1 மனிதர்களைத் தாக்கியது முதலில் தெரிய வந்தது 1997-ல், ஹாங்காங்கில். 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அந்த ஊர்க் கோழிகளை மொத்தமாகக் கொன்று அப்போதைக்கு நிறுத்தினார்கள். 2003-ல் சார்ஸ் வந்தது. அது வேறு வைரஸ். உலகம் முழுக்க எட்டாயிரம் பேருக்கு மேல் வந்து 774 பேரைக் கொண்டுபோனது. ஆசியாவில் ஒரு மூலையில் யாராவது இருமினால் எல்லா நாட்டு விமான நிலையமும் நடுங்கும் என்று புரிந்தது அப்போதுதான். அதன் பிறகு எச்5என்1 மறுபடி தலைகாட்டியது. 2005 ஜூலையில் ஜகார்த்தாவை ஒட்டிய தாங்கராங்கில் ஒரு தகப்பனும் இரண்டு மகள்களும் இறந்தார்கள். 2005 முதல் 2017 வரை அந்த நாட்டில் 200 பேருக்கு வந்தது, அதில் 168 பேர் பிழைக்கவில்லை.

இப்படி ஒரு நோயாளி கிடைத்தால் அவருடைய சளி மாதிரி எங்கே போகும்? ஃப்ளூவுக்கென்று 1952-லிருந்தே உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் ஒரு வலைப்பின்னல் இருக்கிறது. நாடுகள் தங்கள் மாதிரிகளை அனுப்பும். அந்தக் காலகட்டத்தில் அவை போய்ச் சேர்ந்த பெரிய மையங்கள் அட்லாண்டா, லண்டன், மெல்பர்ன், டோக்கியோ. அங்கே வைரஸைப் பிரித்து, எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்து, தடுப்பூசிக்கு ஏற்ற விதை வைரஸைத் தயார் செய்து கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். கம்பெனிகள் அதைக் கருவுற்ற கோழிமுட்டைக்குள் வளர்த்துத் தடுப்பூசி செய்யும். எச்5என்1 அந்த முட்டைக் கருவையே கொன்றுவிடும் என்பதால், அதன் மரபணுவில் கொஞ்சம் வெட்டி ஒட்டி அடக்கிய பிறகுதான் விதையாக்க முடியும்.

அரை நூற்றாண்டாக மாதிரி கொடுத்த எந்த நாடும் காசு கேட்டதில்லை. உலக நன்மைக்குத்தானே என்று கொடுத்து வந்தார்கள்.

2006 கடைசியில் இந்தோனேசிய சுகாதார அமைச்சர் சிதி ஃபாதிலா சுபாரிக்கு ஒரு செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்எல் கம்பெனி இந்தோனேசிய வைரஸை வைத்துத் தடுப்பூசி தயாரிக்கிறது. ஜகார்த்தாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுபாரி அடிப்படையில் இதய டாக்டர். அவர் போட்ட கணக்கு எளிமையானது. உலகத்தின் மொத்த ஃப்ளூ தடுப்பூசித் தயாரிப்புத் திறன் அன்று வருடத்துக்கு 50 கோடி டோஸுக்கும் குறைவு. உலக ஜனத்தொகை 650 கோடி. கொள்ளை நோய் வந்தால் முதல் சரக்கு தங்களுக்கே என்று பணக்கார நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தன. அப்படியானால் வைரஸைக் கொடுத்த இந்தோனேசியர்கள் க்யூவில் எங்கே நிற்பார்கள்?

மாதிரி அனுப்புவதை இந்தோனேசியா நிறுத்திவிட்டது.

மஞ்சளுக்கு அமெரிக்காவில் யாரோ பேடண்ட் வாங்கினார்கள் என்று நாம் கொதித்ததும், 1997-ல் அதை ரத்து செய்ய வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். சுபாரியின் வாதமும் ஏறக்குறைய அதுதான். ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டுக்குச் சொந்தம் என்று 1992-ம் வருட பல்லுயிர் ஒப்பந்தம் சொல்கிறது. வேப்பமரம் உயிர்வளம் என்றால் வைரஸும் அப்படித்தான் என்றார்.

எதிர்த் தரப்பும் லேசுப்பட்டதில்லை. மரம் நட்ட இடத்தில் நிற்கும், வைரஸ் நிற்காது. அது தினம் மாறுகிறது. மனிதரிலிருந்து மனிதருக்குச் சுலபமாகத் தாவக் கற்றுக்கொண்டதா என்று பார்க்க மாதிரி வேண்டும். உலகத்திலேயே அதிகம் பேர் செத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து மாதிரி வரவில்லை என்றால், கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். 2008-ல் அமெரிக்க ராஜதந்திரி ரிச்சர்ட் ஹோல்புரூக்கும் சுகாதார எழுத்தாளர் லாரி காரெட்டும் இந்த 'வைரஸ் இறையாண்மை' ஆபத்தான பைத்தியக்காரத்தனம் என்று எழுதினார்கள். அப்போது மத்திய அமைச்சராக இருந்த நம்ம ஊர் அன்புமணி ராமதாஸ் இதற்கு ஆதரவு தெரிவித்ததாகவும் அந்தக் கட்டுரை குறைபட்டுக்கொண்டது.

சுபாரியும் தன் கட்சியைத் தானே பலவீனமாக்கிக்கொண்டார். அமெரிக்கா வைரஸை ஆயுதமாக்கலாம் என்ற சந்தேகத்தையெல்லாம் புத்தகமாகவே எழுதினார். பின்னால், 2005-ல் மருத்துவக் கருவிகள் வாங்கியது தொடர்பான ஊழல் வழக்கில் 2017-ல் அவருக்கு நான்கு வருட சிறைத் தண்டனை கிடைத்தது. கேட்டவர் சரியில்லை என்பதற்காகக் கேள்வி தப்பாகிவிடுமா என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருப்பது.

ஏனென்றால் 2009-ல் அந்தக் கேள்விக்கு நாங்கள் புணேயிலேயே பதில் பார்த்தோம். பன்றிக் காய்ச்சல் வந்தது. மெக்சிகோ ஒளிக்காமல் உடனே மாதிரிகளைக் கொடுத்தது. தடுப்பூசியும் சில மாதங்களிலேயே தயாரானது. முதல் சரக்கு, முன்பதிவு செய்திருந்த பணக்கார நாடுகளுக்குத்தான் போனது. இந்தியாவில் அந்த நோய்க்கு முதல் உயிர்ப்பலி ஆகஸ்டில் இங்கேதான், 14 வயதுச் சிறுமி. பள்ளிகளை மூடினார்கள். நாயுடு மருத்துவமனை வாசலில் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு. அவளுக்குச் சாதாரண ஜுரம்தான். அன்று எனக்குத் தடுப்பூசி எங்கே இருக்கிறது என்ற யோசனையே வரவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது வரும் என்றே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்தியத் தடுப்பூசிகள் 2010-ன் நடுவில்தான் வந்தன. அதில் ஒன்று, மூக்கில் விடுவது, இதே புணேயின் சீரம் நிறுவனத்தில் செய்தது. அதற்கு ஒரு பின்கதை உண்டு. வளரும் நாடுகளிலேயே ஃப்ளூ தடுப்பூசி தயாரிக்க உலக சுகாதார நிறுவனம் 2007-ல் முதல் கட்டமாக ஆறு நாடுகளுக்குப் பண உதவி கொடுத்தது. அதில் இந்தியாவும் இருந்தது, இந்தோனேசியாவும் இருந்தது. அந்தத் திட்டம் சண்டைக்கு முன்பே போடப்பட்டதுதான். ஆனால் எல்லா நாட்டிலும் தயாரிக்க முடிந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

2011 மே மாதம் ஒரு சமரசம் வந்தது. மாதிரிகளை நாடுகள் தாமதமில்லாமல் பகிர வேண்டும். அதைப் பயன்படுத்தும் கம்பெனிகள் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும்; கொள்ளை நோய் வந்தால் தயாரிப்பில் ஒரு பங்கை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க ஒப்பந்தம் போட வேண்டும். இந்தோனேசியா கதவைச் சாத்தியிருக்காவிட்டால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு ஓட்டை. அது கொள்ளை நோயாக மாறக்கூடிய ஃப்ளூவுக்கு மட்டும்.

அடுத்து வந்தது ஃப்ளூ இல்லை, கொரோனா. 2020 ஜனவரி 11 அன்று அதன் மரபணு வரிசை சீனாவிலிருந்து இணையத்தில் வெளியானது. மாடர்னா கம்பெனி அந்த எழுத்துக்களை வைத்தே இரண்டு நாளில் தடுப்பூசியை வடிவமைத்துவிட்டது. சளி மாதிரி கூடத் தேவைப்படவில்லை. பிறகு 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரானைக் கண்டுபிடித்து ஒளிக்காமல் சொன்னார்கள். அவர்களுக்குக் கிடைத்த பரிசு, விமானத் தடை.

இதில் நாம் உத்தமர்கள் என்று மார்தட்டவும் முடியாது. 2021 ஜனவரியில் இந்தியா மற்ற நாடுகளுக்குத் தடுப்பூசி அனுப்ப ஆரம்பித்தது. ஏழை நாடுகள் பெரிதும் நம்பியிருந்தது இதே புணேயில் தயாரான கோவிஷீல்டை. இரண்டாம் அலையில் நம் ஜனங்கள் ஆக்சிஜன் இல்லாமல் தவித்தபோது ஏற்றுமதி நின்றுபோனது, கிட்டத்தட்ட வருடக் கடைசி வரை. அந்த ஏப்ரலில் நானும் அதைத்தான் விரும்பினேன், மறைக்க மாட்டேன். அம்மா ஊரில் தனியாக இருந்தாள், இரண்டாவது ஊசி பாக்கி. ஆப்பிரிக்காவில் ஒரு நர்ஸ் முதல் ஊசிக்கே காத்திருப்பாள் என்பது தெரியும். தெரிந்தும் என் மனம் அம்மா பக்கம்தான் நின்றது. 2006-ல் சுபாரி பயந்தது இதைத்தான். ஆபத்து வந்தால் எந்த நாடும், எந்த மனுஷனும் முதலில் தன் வீட்டைத்தான் பார்ப்பான். அதனால்தான் ஆபத்து வருவதற்கு முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும்.

2025 மே 20 அன்று உலக சுகாதார மாநாடு கொள்ளை நோய் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. அவசர காலத்தில் தயாரிப்பில் 20 சதவீதம் உலக சுகாதார நிறுவனத்துக்கு, அதில் பாதியாவது இலவசம் என்பது இலக்கு. ஆனால் கிருமியைக் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்கிற விவரங்கள் அடங்கிய இணைப்பைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டே நிறைவேற்றினார்கள். சுபாரி கேட்டு பதினெட்டு வருடம் கழித்தும், தள்ளிப்போட்டது அதே கேள்வியைத்தான்.

கிருமியைக் கொடுப்பது கடமை, தடுப்பூசியைக் கொடுப்பது தர்மம் என்று இருக்கிற வரை யாராவது ஒருவர் மறுபடி கதவைச் சாத்துவார். அன்றைக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன கிருமி இருக்கும் என்பதுதான் என் பயம்.