கூட்டுக் கிணறும் கூறுபோட்ட கணினியும்

சேலம், நாமக்கல் பக்கம் கூட்டுக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது பழைய வழக்கம். கிணற்றுப் பங்கு கிரயப் பத்திரத்திலேயே ஏறும். பங்காளிகளின் வழக்கும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். 1960களில் விலை மலைபோல் இருந்த பெரிய கணினிகளையும் இப்படி முறை வைத்தே பலர் பயன்படுத்தினார்கள். ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையம் உருவாக்கிய சிபி-67 ஒரு படி மேலே போனது. ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியே தன்னுடையது என்று தோன்றச் செய்தது. ஒருவருடைய இயங்குதளம் விழுந்தாலும் அடுத்தவர் வேலை நடந்தது. மெய்நிகர் இயந்திரம் எனப்படும் இந்த ஏற்பாட்டைச் செலவு மிச்சம் பிடிக்கும் உத்தியாகவே பலரும் பேசுகிறார்கள். மிச்சம் உண்டுதான். ஆனால் பங்கிட்ட பிறகு ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் பிரித்து வைப்பதே அதன் முதல் வேலை.

கிணற்றுப் பங்கு ஏறும் அந்தப் பத்திரத்தின் பதிவுக் கதையையே இதற்குப் பார்க்கலாம். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. 2000இல் பதிவுத் துறையின் ஸ்டார் திட்டம் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கணினியைக் கொண்டுவந்தது. 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 வந்ததும் நாமக்கல் மாவட்டத்தின் ராசிபுரத்து வில்லங்கச் சான்றும் சேலத்துச் சான்றும் ஒரே மைய அமைப்பிலிருந்து வரத் தொடங்கின. இப்படிப் பல அலுவலகங்களும் துறைகளும் ஓரிடத்தில் குவியும் காலத்துக்கான கருவி அதற்குள் மலிந்திருந்தது. 2005, 2006இல் இன்டெல், ஏஎம்டி சிப்புகளிலேயே மெய்நிகராக்க வசதி வந்தது. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 கெர்னலில், மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் கேவிஎம் சேர்ந்தது. சிப்பின் விவரப் பட்டியலில் அந்த வசதியைக் குறிக்கும் 'விஎம்எக்ஸ்' அல்லது 'எஸ்விஎம்' என்ற சொல் தென்பட்டால் போதும், லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் சாதாரண சர்வரைக் கூறுபோடலாம். மெய்நிகர் இயந்திரத்துக்கு வட்டாகப் பயன்பட்டு, 20 ஜிபி என்று உள்ளே காட்டும் கியூகவ்2 கோப்பு, தொடக்கத்தில் சில நூறு கேபிதான். எழுத எழுதத்தான் வளரும்.

மையம் படுத்தால் மாநிலமே படுத்துவிடுமே என்பார்கள். நியாயம்தான். பதிவுக்குக் காத்திருந்தவர்கள் 'சர்வர் டவுன்' என்ற பதிலைக் கேட்டு அலுத்துப்போனார்கள். ஆனால் அது குவித்ததன் குறை, கூறுபோட்டதன் குறையல்ல. வட்டு முழுவதும் ஒரு கோப்பாக இருப்பதால், நகல் எடுத்து வைத்திருந்தால் வேறொரு சர்வரில் இயந்திரத்தை மறுபடி எழுப்பலாம். நகல் எடுக்காத நிர்வாகத்தை எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பிரிவினையே கசிந்தால்? 2018 ஜனவரி 3 அன்று வெளிவந்த, சிப்புகளில் இருந்த ஸ்பெக்டர் என்ற குறைபாடு அதைத்தான் காட்டியது. கேவிஎம்மில் ஓடும் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருந்தபடியே, அதைத் தாங்கும் சர்வரின் நினைவகத்தை நொடிக்குச் சுமார் 1,500 பைட் வீதம் படிக்க முடிந்ததாகக் கூகுள் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். ஓட்டையை அடைக்கக் கெர்னலையும் சிப்பின் உள்நிரலையும் திருத்தினார்கள். அதற்கு வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மிச்சம்தான் நோக்கமென்றால் யாரும் அந்த நட்டத்தை ஏற்றிருக்க மாட்டார்கள். அப்படியும் நம்பிக்கை வராதவர்கள் மேகக்கணி நிறுவனங்களிடம் கூடுதல் காசு கொடுத்து, வேறு யாரும் பங்குக்கு வராத முழு சர்வரைத் தங்களுக்கென்றே பிடித்துக்கொள்கிறார்கள்.